வலது பக்கம் அரை அங்குலம்

மலேசியாவின் பீடோங் பட்டணத்தில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு மருதம்மாளைத் தெரியாமல் இருக்க வழியில்லை. பசாருக்குப் பின்னால், கைப்பேசிக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே, இரண்டு கையையும் நீட்டினால் இரு சுவரையும் தொட்டுவிடக்கூடிய தையல் கடை அவளுடையது. பெயர்ப்பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இதுவரை யாரும் உள்ளே வந்ததில்லை. சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் மெர்போக் பக்கத்திலிருந்தும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேராக அவள் வாசலில் வந்து நிற்பார்கள். பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு நீலப் பினாஃபோர் சீருடை தைக்க வந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளி, சடங்கு, கல்யாணம் என்று அவள் அளவு நாடாவுக்குள்ளேயே வளர்ந்து ஆளாகும். ஆயத்த உடை மலிவாகக் கிடைக்கிற அதே பட்டணத்தில், பள்ளி திறக்கிற மாதம் மருதம்மாளுக்கு மட்டும் தலை சொறிய நேரம் இருக்காது.

அவளும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். பால்மரம் வெட்டிய முனியாண்டிக்கு நான்காவது பெண். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. சுங்கைப்பட்டாணியில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து, பதினோரு வருடம் காலர் மட்டும் தைத்தாள். முழுச் சட்டை ஒன்றை அவள் கையில் வாங்கிப் பார்த்தது, கம்பெனியை இழுத்து மூடியபோது ஆளுக்கொன்று நினைவாகக் கொடுத்தார்களே, அன்றைக்குத்தான். அதன் பிறகு ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுக் கடை திறந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அளவு சரியா வர்லலா" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோப்பாள்.

அவளுடைய சொத்து மெஷின் அல்ல, அளவு நோட்டுகள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், தோட்டம், அப்பா பெயர். கீழே வருடத்துக்கு ஒரு வரி: தோள், மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால்வரை நீளம். எந்தப் பிள்ளைக்கு எந்த வருடம் கால் நீண்டது, எதற்கு இடுப்பு அகன்றது, எது பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டோடு கிடந்து மீ நூடுல்ஸ் தின்று மூன்று அங்குலம் சுற்றளவு கூடியது, எல்லாம் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் அளக்கத்தான் செய்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றி, சுவரோடு நிற்கவைத்து, உயரத்தையும் எடையையும் அட்டையில் எழுதி, ஒல்லியா குண்டா சரியா என்று சொல்லிவிடுவார்கள். தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று எழுத அந்த அட்டையில் கட்டம் கிடையாது. மருதம்மாளின் நோட்டில் இருந்தது.

குறையை மூடித் தைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரு பக்கம் மார்பு சின்னதா, உள்ளே மெல்லிய பஞ்சு வைப்பாள். இடுப்பு ஒரு பக்கம் தூக்கலா, மடிப்பை அங்கே கொண்டுபோய் மறைப்பாள். பெற்ற தாயிடம்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். போட்டுப் பார்க்கிற பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும், அம்மாக்காரி, "ஒங்க கையே தனிக்கா" என்பாள். அந்த வார்த்தைக்கு மருதம்மாள் அடிமை. கடைசியில் எல்லா வினையும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

இப்படி வாயைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கடை திறந்த புதிதில் குருணிலிருந்து ஒரு கல்யாணப் பெண் தாயோடு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். மருதம்மாள் நாடாவைப் பிடித்தபடி, "பாப்பாவுக்கு ஒரு பக்கம் இடுப்பு ஏறி இருக்குக்கா, நான் பாத்து தச்சிடறேன்" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பெஞ்சில் தன் துணிக்குக் காத்திருந்த இன்னொரு அம்மா மாப்பிள்ளைக்கு அத்தை முறை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மூன்றாம் நாள் சம்பந்தம் முறிந்தது. நான்காம் நாள் பெண்ணின் தாய் வந்து, ரவிக்கைத் துணியை மேசைமேல் எறிந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பெண்ணின் உடம்பைப் பற்றி இனி வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கு மருதம்மாள் முடிவு செய்தாள். இருபத்திரண்டு வருடம் அந்த முடிவைக் காப்பாற்றினாள்.

சாந்தினியும் ஏழு வயதிலிருந்து அவளிடம் வருகிற பிள்ளை. பீடோங்கைத் தாண்டி எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் வீடு. அப்பா யோகேந்திரன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அம்மா லோகேஸ்வரி குருணில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறாள். இருவரும் குள்ளம். பிள்ளை மட்டும் எங்கிருந்தோ உயரத்தைக் கொண்டுவந்திருந்தது. நான்காம் ஆண்டிலேயே போலா ஜாரிங் என்கிற வலைப்பந்துக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். வளையத்துக்கு அடியில் நின்று பந்து போடுவது அவள்தான். அளவெடுக்கிற நேரத்தில் வாய் ஓயாது. யார் விழுந்தது, யார் அழுதது, எந்த டீச்சர் விசில் அடிக்கத் தெரியாமல் எச்சில் தெறிக்க ஊதுவார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். மருதம்மாளுக்கு அவளைப் பிடிக்கும். அதை வெளியில் காட்டமாட்டாள், மீதித் துணியில் தலைமுடிக்கு ரிப்பன் தைத்துப் பையில் போட்டுவிடுவாள்.

ஐந்தாம் ஆண்டுப் பினாஃபோருக்கு விளிம்பு மடித்து ஊசி குத்துகையில்தான் முதலில் கண்ணில் பட்டது. வலது பக்கம் துணி ஏறியிருந்தது.

"நேரா நில்லு பாப்பா."

"நேராதான் நிக்கிறேன் ஆண்ட்டி."

குதிகால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னாள். பின்பக்கம் போய் இரு தோள்களிலும் விரலை வைத்துப் பார்த்தாள். வலது தோள் ஒரு பொடி உயரமாக இருந்தது. நாடாவை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். அரை அங்குலம். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுகிற பிள்ளை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வளர்கிற உடம்பு, வளர வளரச் சரியாகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டுமே அவள் எங்கேயும் படித்ததல்ல, யாரிடமும் கேட்டதுமல்ல. நோட்டில் அந்த வரியின் ஓரத்தில், "வலது பக்கம் அரை அங்குலம் கூட" என்று பென்சிலால் எழுதினாள். வலது பக்கத்தை அரை அங்குலம் நீட்டி வெட்டினாள். இரண்டு நாள் கழித்துப் பிள்ளை போட்டுப் பார்த்தபோது விளிம்பு அடிக்கோல் வைத்து இழுத்த கோடுபோல நின்றது. லோகேஸ்வரிக்கு வாயெல்லாம் பல்.

ஆறாம் ஆண்டு பள்ளி திறக்கும் முன் மறுபடி வந்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தாள். "ஸ்கூல்ல டீச்சர் அளந்துட்டு, உயரம் வெயிட்டு எல்லாம் கரெக்டா இருக்குன்னு சொன்னாங்கக்கா. மளமளன்னு வளர்றா. கோயில்ல எல்லாரும் என்ன குடுக்கிறேன்னு கேக்கறாங்க" என்றாள் லோகேஸ்வரி. மருதம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே நாடாவைப் பார்த்தாள். வலது பக்கம் முக்கால் அங்குலம். இடது இடுப்புக்கு மேலே சதை ஒரு மடிப்பாக உள்வாங்கியிருந்தது. வலது பக்கம் அப்படி இல்லை. பிள்ளை வளர்ந்த மூன்று அங்குலமும் நேராக மேலே போகவில்லை என்பது அவள் கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்ததை வாய்க்கு அனுப்பாமல் இருக்க அவள் நன்றாகப் பழகியிருந்தாள். இடது தோளுக்கு உள்ளே மெல்லிய பஞ்சுத் தகடு ஒன்றை வைத்துத் தைத்தாள்.

தாய்க்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று இதைக் கேட்கிறவர்கள் கேட்பார்கள். கேட்பது சுலபம். லோகேஸ்வரி வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது பள்ளியில் இருக்கும். பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளை அம்மாவை முதுகு தேய்க்கக் கூப்பிடுகிறது? வீட்டில் அப்பாவின் தொளதொளப்பான டீ-சட்டை, வெளியில் மருதம்மாள் தைத்தது. அந்த முதுகை யாரும் பார்க்க வாய்ப்பே இல்லை. பார்த்த ஒருத்தியும் பார்த்ததை மறைத்துத் தைத்தாள்.

அந்த வருடம் ஆகஸ்டில் சாந்தினி ஆளானாள். ஒரே பிள்ளை, சடங்கைப் பெரிதாகவே செய்ய வேண்டும் என்று யோகேந்திரன் பீடோங்கில் மண்டபம் எடுத்தான். முதல் சேலைக்கு ரவிக்கை மருதம்மாள் பொறுப்பு. லோகேஸ்வரி கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். முதுகு முழுக்கத் திறந்து, நடுவில் கயிறு கட்டி, குஞ்சம் தொங்கியது.

"இந்த மாதிரி தச்சிடுங்கக்கா. இப்ப இதான் எல்லாரும் போடறாங்க."

மருதம்மாள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "சின்ன புள்ளைக்கு எதுக்குலா இவ்ளோ பெரிய கழுத்து? போட்டோல நல்லா இருக்காது. பின்னாடி ஏத்தி மூடி, கழுத்துல வேலப்பாடு வெச்சி தரேன். சினிமாக்காரங்களே இப்ப மூடிதான் போடறாங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள். கண்ணாடி முன் நின்ற சாந்தினி முகத்தைத் தொங்கப் போட்டாள். ஆனாலும் டெய்லர் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாய் ஒப்புக்கொண்டாள்.

மண்டபத்துக்கு மருதம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும்போது பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டி, பலகையில் உட்காரவைத்திருந்தார்கள். மஞ்சளும் தண்ணீரும் அத்தைமார் சிரிப்புமாக இருந்த இடத்தில் யார் பிள்ளையின் முதுகைப் பார்த்தது? பிறகு சேலை கட்டி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கண்படும் அழகு. ரவிக்கை உடம்போடு பிறந்ததுபோல் இருக்கிறது என்று மூன்று பேர் மருதம்மாளைத் தேடிவந்து சொன்னார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். படம் எடுப்பவன் முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால். மருதம்மாள் மட்டும் மேடையின் பக்கவாட்டில், பிள்ளைக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தாள். சாந்தினி இடுப்பை வளைத்துக் குனிந்தாள். சேலைக்கும் ரவிக்கைக்கும் உள்ளேயிருந்து வலது பக்க முதுகு மட்டும், கையை மடக்கி உள்ளே வைத்ததுபோல், மேடாக எழும்பியது. இடது பக்கம் பள்ளமாக இறங்கியது. பிள்ளை நிமிர்ந்தாள், மேடு மறைந்தது. அடுத்தவர் காலில் குனிந்தாள், மறுபடி எழும்பியது. ஏழு பேர் காலில் விழுந்தாள். ஏழு முறையும் மருதம்மாள் பார்த்தாள்.

அது பையால் வந்ததில்லை என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. லோகேஸ்வரி பந்தியில் ஓடியாடிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக அப்படி அவள் சிரித்துப் பார்த்ததில்லை. இன்றைக்கா சொல்வது, இத்தனை உறவுக்கு நடுவிலா? ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தாள். ஒரு வாரம் போயிற்று. தீபாவளித் தையல் வந்தது. தீபாவளியும் போயிற்று.

மார்ச்சில் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்துக்கு இளநீலப் பினாஃபோர். சாந்தினி தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள். பேச்சு குறைந்திருந்தது. போலா ஜாரிங் பற்றி மருதம்மாள்தான் கேட்டாள்.

"விட்டுட்டேன் ஆண்ட்டி. ஓடுனா மூச்சு வாங்குது. பஸ்ஸுல ரொம்ப நேரம் ஒக்காந்தா இந்தப் பக்கம் வலிக்குது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். போன நோண்டிக்கிட்டே படுக்காதன்னாங்க."

நாடா ஒன்றே கால் அங்குலம் காட்டியது. மருதம்மாளின் விரல் நாடாவின்மேல் நின்றுவிட்டது. சாந்தினி கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, என் ஒடம்பு கோணலா இருக்கா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. குளிக்கறப்போ பாத்தேன். ஒரு எலும்பு இங்க மட்டும் வெளிய வருது."

"கண்ணாடி பழசு பாப்பா. அதுல எல்லாமே கோணலாதான் தெரியும்" என்றாள் மருதம்மாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அவளை நம்பிற்று. நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தது. மருதம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். தெருவில் போகிற எவருக்கும் அது உயரமான, லட்சணமான ஒரு பெண் பிள்ளை. அவள் தைத்த சட்டைக்குள் என்ன நடக்கிறது என்று அந்தப் பட்டணத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்று பிற்பகல் லோகேஸ்வரிக்குப் போன் அடித்தாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. "சொல்லுங்கக்கா, சூப்பர்வைசர் இருக்காரு, சீக்கிரம்" என்றாள் லோகேஸ்வரி. "பாக்கெட்டு ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள் மருதம்மாள். "ஒண்ணு போதும்" என்று வந்தது பதில்.

வெட்டு மேசையில் இளநீலத் துணியை விரித்தாள். பிறகு துணியை இரண்டாக மடித்து, இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டினாள். பஞ்சுத் தகடு வைக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டியதைத் துணி சொல்லட்டும் என்று நினைத்தாள். கோழைத்தனம்தான். இருபத்திரண்டு வருடக் கோழைத்தனத்தில் அதுதான் கொஞ்சம் குறைந்த கோழைத்தனம்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் லோகேஸ்வரி லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. பினாஃபோரை மேசைமேல் வைத்தாள்.

"என்னாக்கா தச்சிருக்கீங்க? ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு. அசெம்பிளில புள்ளைங்க சிரிச்சிருக்காங்க. இவ அழுதுகிட்டு வரா. ஒங்கள நம்பித்தானே குடுக்கிறோம்?"

மருதம்மாள் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து லோகேஸ்வரியின் கையில் கொடுத்தாள்.

"நீயே அளந்து பாரு."

லோகேஸ்வரி புரியாமல் வாங்கி, மேசையில் கிடந்த பினாஃபோரின் வலது பக்கத்தை அளந்தாள். இடது பக்கத்தை அளந்தாள். இரண்டும் ஒன்று. மறுபடி அளந்தாள்.

"சரியாதானே இருக்கு?" என்றாள், குரல் இறங்கி.

"துணி சரியாதான் இருக்கு." மருதம்மாள் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "பாப்பா, போட்டிருக்கற சட்டைய கழட்டிட்டு பனியனோட அம்மாக்கு முதுகு காட்டி நில்லு. கால சேத்து வெச்சி, கையத் தொங்க விட்டு, குனி."

சாந்தினி குனிந்தாள். மெல்லிய பனியனுக்குள் முதுகு ஒரு பக்கம் மேடாக எழுந்தது. நடுவில் நேராக ஓட வேண்டிய எலும்பு வலது பக்கம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி நடுவுக்கு வந்தது. லோகேஸ்வரியின் கையிலிருந்து நாடா கீழே விழுந்தது. அவள் பக்கத்தில் போய் அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"இது எப்பலேருந்து?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்றுகூட அப்போது தெரியவில்லை.

மருதம்மாள் நோட்டைத் திறந்து சாந்தினியின் பக்கத்தை நீட்டினாள். லோகேஸ்வரி வாசித்தாள். ஐந்தாம் ஆண்டு, வலது பக்கம் அரை அங்குலம் கூட. ஆறாம் ஆண்டு, முக்கால், இடது தோளுக்குப் பஞ்சு. சடங்கு ரவிக்கை, முதுகு மூடி. படிவம் ஒன்று, ஒன்றே கால். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருந்தது. மருதம்மாள் தொழிலில் சுத்தம்.

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே தச்சீங்களா?"

மருதம்மாள் குருண் பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லத் தொடங்கியதும் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவள் காதுக்கே கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

லோகேஸ்வரி கத்தவில்லை. "என் புள்ள நேரா இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஒங்க தையல்தான் நேரா இருந்திருக்கு" என்றாள். அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிள்ளைக்குச் சட்டையை மாட்டிவிட்டு, கதவைத் தானே திறந்துகொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். என்ன சொன்னார்கள் என்பது மருதம்மாளுக்கு யோகேந்திரன் மூலம்தான் தெரியவந்தது. லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கடைக்குள் வராமல் வாசலில் நின்றே சொன்னான். முதுகெலும்பு ஐம்பத்திரண்டு டிகிரி வளைந்திருக்கிறது. பையால் வந்ததில்லை, படுத்ததால் வந்ததில்லை, சில பெண் பிள்ளைகளுக்கு வளர்கிற வயதில் காரணமே தெரியாமல் இப்படி வரும். டாக்டர் அந்த நோட்டுப் பக்கத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாராம். ஆரம்பித்தது எப்போது, எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று சொல்ல வேறு எந்த அட்டையும் எவரிடமும் இல்லை. அரை அங்குலமாக இருந்தபோது கொண்டுவந்திருந்தால், வளர்ச்சி நிற்கும்வரை இடுப்பிலிருந்து அக்குள்வரை கட்டுகிற பிளாஸ்டிக் கவசம் போட்டு, பெரும்பாலும் அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றாராம். இப்போது அறுவை சிகிச்சைதான், முதுகெலும்போடு சேர்த்து இரும்புக் கம்பி வைத்து. வரிசை இருக்கிறது, ஆறு மாதம் ஆகும்.

"அதுவரைக்கும் அவ வளர வளர அது இன்னும் வளையுமாம்" என்றான் யோகேந்திரன். மருதம்மாள் என்ன சொல்வாள் என்று காத்திருக்காமல் லாரியில் ஏறிவிட்டான்.

அன்றைக்குப் பிறகு மருதம்மாள் இரண்டு துணியை வெட்டிக் கெடுத்தாள். மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்கே போகலாம் என்று ஒரு நாள் பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, லோகேஸ்வரியே பிள்ளையோடு கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க" என்றாள். "டாக்டர் மூணு மாசம் கழிச்சிதான் பாப்பாரு. நடுவுல வேகமா போச்சின்னா ஒடனே வரச் சொன்னாரு. நான் அளந்தா ஒவ்வொரு வாட்டியும் ஒரு கணக்கு வருது. ஒங்க கைக்கு மட்டும்தான் இது தெரியுது. மாசா மாசம் அளந்து சொல்லுங்க. துணி தைக்க வேணாம். அளந்து சொன்னா போதும்."

முதல் மாதம் ஒன்றே காலாகவே இருந்தது. அந்த ஒரு மாதமும் மருதம்மாள் கொஞ்சம் தூங்கினாள். அம்மாவும் பிள்ளையும் இரண்டாம் மாதம் வந்தபோது மழை பிடித்திருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. சாந்தினி தானாகவே பலகைமேல் ஏறி, குதிகாலைச் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு நின்றாள். இந்த வேலையை அவளும் பழகிக்கொண்டுவிட்டாள். மருதம்மாள் முதலில் உச்சியிலிருந்து உயரத்தை அளந்தாள். பிறகு தோள்களிலிருந்து முழங்கால்வரை, இடது பக்கம், வலது பக்கம். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள்.

லோகேஸ்வரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல இதைவிடச் சுலபமான நேரம் மருதம்மாளுக்கு வாய்த்ததில்லை. கால் அங்குலத்தை விழுங்கிவிட்டால் இன்னும் ஒரு மாதம் மூன்று பேரும் நிம்மதியாக இருக்கலாம்.

"ஒன்றரை" என்றாள்.

லோகேஸ்வரி கைப்பேசியை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைத் தேடத் தொடங்கினாள். திரையில் விரல் வழுக்கிக்கொண்டே போயிற்று. பலகையிலிருந்து சாந்தினி இறங்கவில்லை.

"ஆண்ட்டி, உயரம் எவ்ளோ?"

"கால் அங்குலம் கூடி இருக்கு."

"அப்ப நான் இன்னும் வளர்றேனா?"

அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பலகைமேல் நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், ஆசையோடு. இவள் கேட்டபோது இரண்டு கையும் பாவாடையை இறுகப் பிடித்திருந்தன.

"ஆமா பாப்பா" என்றாள் மருதம்மாள். "வளர்ற."